மித்திரன் கண்ணாடிக் கடை

சாவி இன்றைக்கும் முரண்டு பிடித்தது. அவள் ஷட்டரின் இடது ஓரத்தில் குனிந்து, பூட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினாள். வலது ஓரத்துப் பூட்டை ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. திறந்தவர் கைகளைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருந்தார். விடிந்தும் விடியாத நேரம். எதிர்ச் சாரியில் ரொட்டிக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது.

அந்தத் தெரு அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவர் டாக்டர் இல்லை. எழுத்துப் பலகையைக் காட்டிக் கண்ணைச் சோதித்து, என்ன கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர். தெரு அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது, அவரும் மறுத்துப் பழகவில்லை. அவர் எழுதும் அளவுக்கு லென்ஸைத் தீட்டிப் பிரேமில் பொருத்துகிறவர் அவளுடைய அப்பா. நாள் முழுக்கத் தீட்டும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் அவருக்குச் சக்கரம் என்றே பெயர். டாக்டரும் சக்கரமும் சேர்ந்து நடத்துகிற கடை. சேர்ந்து என்றால், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்து.

பூட்டு திறந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து ஷட்டரைத் தூக்கினார்கள். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து காலையும் மாலையும் அவள்தான் வருகிறாள். சிறுவயதிலிருந்தே அவள் பெரியப்பா என்று கூப்பிடுகிற டாக்டர் ஒரு நாளும் அப்பாவைப் பற்றிக் கேட்டதில்லை. அவளும் தானாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லாமல் போக அவளுக்கு மனம் வரவில்லை.

“பெரியப்பா, அப்பாவுக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து மூச்சு வேற மாதிரி இருக்கு. இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம், பக்கத்துல இருங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு எட்டு வந்து பாருங்களேன்.”

டாக்டர் ஷட்டர் கொக்கியை மாட்டினார். மாட்டிய கொக்கியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அவன் சொல்லி விட்டானா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நிமிர்ந்தபோது வாசலுக்கு மேலே பதித்திருந்த பித்தளைத் தகடு கண்ணில் பட்டது. அதன் முன்னால் பொய் சொல்லக் கூடாது என்று சிறுவயதில் இரண்டு பேருமே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

“இல்ல. நானாத்தான் கேக்குறேன்.”

“அவன் கூப்பிடாம நான் எப்படிம்மா வர்றது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அதுவும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். கடைசியில் அந்தத் தகட்டில் இருந்தவர் மேலேயே வந்தது.

அப்பாவும் டாக்டரும் வேறொரு கண்ணாடிக் கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தனிக்கடை போடலாம் என்று முடிவெடுத்தபோது இரண்டு வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். அவன் சாமி வேறு, நம் சாமி வேறு, நாளைக்கு அவன் வாக்கு மாறினால் எந்தச் சாமியிடம் போய்க் கேட்பாய்? டாக்டரின் முன்னோர் பாரசீகத்திலிருந்து நெருப்பைக் கும்பிட்டுக்கொண்டு வந்தவர்கள். அப்பாவின் வீட்டில் வேதம் ஓதிய தலைமுறைகள் இருந்தன. கேள்வி நியாயமாகப் பட்டதால் இரண்டு பேரும் தேடினார்கள். தேடினால் அகப்பட்டார் மித்திரன். இரண்டு பக்கத்துப் பழைய துதிகளிலும் கிட்டத்தட்ட ஒரே பெயரில், ஒரே உத்தியோகத்தில் இருக்கிற சாமி. மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கைக் காவல் காப்பது அவர் உத்தியோகம். தூங்க மாட்டார், கண் இமைக்க மாட்டார். சூரியனுக்கு முன்னால் வருகிற வெளிச்சம் அவருடையது. கண்ணாடிக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான சாமி வேறு யார் என்று அப்பா கேட்பார்.

வக்கீலிடம் போகவில்லை. விடியற்காலையில், இன்னும் திறக்காத கடையின் முன்னால், வலது கையை வலது கையில் கொடுத்துச் சொன்னார்கள். அவர் வெளிச்சம் வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம், வெளிச்சம் போகும்போது சேர்ந்து பூட்டுவோம், ஒருத்தன் இல்லாமல் இன்னொருத்தன் கடை நடத்த மாட்டோம். ஷட்டருக்கு இரண்டு பூட்டு வாங்கினார்கள். தலையைச் சுற்றிக் கதிர்கள் விரிந்த ஓர் இளைஞனின் முகத்தைப் பித்தளையில் செய்து வாசலில் பதித்தார்கள். கடைக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

அப்புறம் அவள் கல்லூரிக்குப் போன வருடத்தில் ஒரு நாள், கண்ணாடி வாங்க வந்த ஒருவர் சும்மா இருக்காமல் தகட்டைக் காட்டி, “இது யாரோட சாமி?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “எங்களோடது” என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். உங்களோடது எப்படி, எங்களிடமிருந்துதானே உங்களுக்கு வந்தார் என்று ஒருவர். எங்களிடம் இருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று மற்றவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால். சாயங்காலத்துக்குள் சாமி போய்ப் பாட்டன் பூட்டன் வந்துவிட்டார்கள். மறுநாள் கடைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு எழும்பியது. அதில் தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு துளை. டாக்டர் கண்ணைச் சோதித்து, அளவைச் சீட்டில் எழுதித் துளையில் போடுவார். அந்தப் பக்கம் அப்பா எடுத்துக்கொண்டு, கிடைத்தது என்பதற்கு விரலை மடக்கித் தடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவார். அன்றிலிருந்து அவர்கள் பேச்சு அந்த ஒரு தட்டுத்தான்.

பிரிந்து போயிருக்கலாம். ஆனால் வாக்கு மித்திரன் முன்னால் கொடுத்தது. யாருடைய சாமி என்பதில்தான் சண்டையே தவிர, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

“என் கல்யாணத்தையும் அவர் முன்னாடியே வெச்சிருக்கலாம்,” என்பாள் அம்மா. “எவ்வளவு கெட்டியா நிக்குது பாரு.”

வீட்டில் அம்மா அப்பாவின் உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். அப்பா விழித்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார், ஆனாலும் அவள் கட்டில் அருகே வந்த பிறகுதான் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“வந்தானா?”

தினமும் இதே கேள்வி. டாக்டர் கடைக்கு வந்துவிட்டார் என்று அவள் சொல்ல வேண்டும். நேரத்துக்கா என்று அடுத்தது. ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். இன்று அவள் அதோடு நிறுத்தவில்லை.

“அப்பா, பெரியப்பாவை வரச் சொல்லட்டா?”

“அவன் வந்தா கடைய யார் பாக்குறது?”

“கடை கிடக்கட்டுமே.”

“கிடக்கக் கூடாது. வெளிச்சம் இருக்குற வரைக்கும் திறந்திருக்கணும்.” மூச்சு வாங்கியது. காத்திருந்து மீண்டும் தொடங்கினார். “என் மேசைல, கீழ் டிராயர்ல ஒரு கண்ணாடிக் கூடு இருக்கு. கறுப்பு. அத அவன்கிட்ட குடு.”

“அவருக்கா? அவர் நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“முன்னாடி எறும்பு மாதிரி எழுதுவான். ஒரு சீட்டுல எல்லாத்தையும் எழுதிட்டு மிச்ச இடம் இருக்கும். வர வர எழுத்து பெருசாகுது. இப்ப பாரு, மூணு நம்பர் எழுதினா சீட்டு ரொம்பிடுது. பக்கத்துல இருக்குறது அவனுக்குத் தெரியல. என்னை விட்டா வேற யாருகிட்டயும் அரைச்சுக்க மாட்டான். நானா ஒரு கணக்குப் போட்டு அரைச்சு வெச்சேன்.”

“எப்ப?”

“போன வருஷம்.”

“குடுக்க வேண்டியதுதான?”

அதற்குப் பதில் அம்மாதான் சொன்னாள்.

“இவர் கண்ணாடி மட்டும் என்ன வாழுது? அது எந்தக் காலத்து நம்பரோ. வேற கடையில போய்க் கண்ணைக் காட்டுங்கன்னா, அது ஒப்பந்தத்துல இல்லைங்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்ட ரெண்டு பேரும் ஒழுங்கா கண்ணு தெரியாம உக்காந்திருக்காங்க. இதுக்கு நான் சிரிக்கவா அழவா?”

அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. துணியைப் பிழிந்து கிண்ணத்தின் விளிம்பில் போட்டாள்.

மதியத்துக்கு மேல் அப்பாவின் மூச்சுக்கு நடுவே இடைவெளி விழத் தொடங்கியது. அவள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கடைக்குப் போனாள். தடுப்பின் இந்தப் பக்கம், அப்பாவின் பக்கம், தீட்டும் சக்கரம் துணி போர்த்திக் கிடந்தது. கீழ் டிராயரில், உடைந்த பிரேம்களுக்கும் திருகாணி டப்பாவுக்கும் பின்னால், கறுப்புக் கூடு இருந்தது. எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் டாக்டரின் மேசையில் வைத்தாள். ஒன்றும் சொல்லக் கூடாது, சொன்னால் வாங்க மாட்டான் என்று அவள் கிளம்பும்போது அப்பா சொல்லியிருந்தார்.

டாக்டர் கூட்டைத் திறந்தார். கண்ணாடியை எடுத்து, தொழில் வழக்கம் விடாமல், வெளிச்சத்தில் பிடித்து லென்ஸின் ஓரத்தைத் தடவினார். அந்த ஓரத்தைத் தீட்டிய கை யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டார். மேசை மேல் இருந்த சீட்டுக் கட்டைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“யார் நம்பர் குடுத்தது?”

“யாரும் குடுக்கல.”

“அப்ப எப்படி?”

அப்பா சொல்ல வேண்டாம் என்றது கொடுத்தவர் பெயரைத்தான், இதையல்ல என்று அவள் தனக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டாள்.

“உங்க எழுத்து பெருசாகிட்டே வருதாம்.”

டாக்டர் சீட்டுக் கட்டை மறுபடி பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. புதுக் கண்ணாடியைக் கழற்றாமலே அடியில் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். பின்னர் எழுந்து அலமாரியிலிருந்து சோதனை லென்ஸ் பெட்டியை இறக்கினார். சோதனைக்கு மாட்டுகிற வட்டப் பிரேமையும் டார்ச்சையும் எடுத்து வைத்தார். சீட்டுக் கட்டைச் சட்டைப் பையில் செருகினார்.

“வா, பூட்டலாம்.”

“இன்னும் வெளிச்சம் இருக்கே, பெரியப்பா.”

“இருக்கட்டும்.”

ஆளுக்கொரு பக்கம் ஷட்டரை இறக்கினார்கள். பூட்டிவிட்டு டாக்டர் தலையைத் தூக்கித் தகட்டைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிறாரோ என்று நினைத்தாள்.

“மூக்கு இவ்வளவு தேஞ்சு போச்சா?” என்றார். “பாக்கவே இல்லை.”

கட்டிலின் பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா ஒதுங்கிக்கொண்டாள். வந்தவரைப் பார்த்து, இவ்வளவு வருடத்துக்கும் சேர்த்து ஏதாவது கேட்பாள் என்று மகள் பயந்தாள். அம்மா ஜன்னல் திரையை நன்றாக விலக்கிவிட்டாள், அவ்வளவுதான்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

“யாரு?”

டாக்டர் குனிந்து அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதைப் போட்டுக்கிட்டா இவ்வளவு நாள் லென்ஸ் அரைச்ச? இது எந்தக் காலத்து நம்பர்?”

அப்பாவின் மார்பு ஏறி, நின்று, இறங்கியது.

“நீதான டெஸ்ட் பண்ணணும்,” என்றார்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். வட்டப் பிரேமை அப்பாவின் மூக்கில் மெதுவாகப் பொருத்தினார். தலையணையோடு சேர்த்துத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லி அவளுக்குக் கை காட்டினார். வரிசையாக அடுக்கியிருந்த சின்ன வட்ட லென்ஸ்களில் ஒன்றை எடுத்துச் செருகினார்.

“எதுத்தாப்ல காலண்டர் இருக்கு. தெரியுதா?”

“மங்கலா.”

“இப்ப?”

“தேவலை.”

“இதுவா, இதுவா? அவசரமில்ல, பாத்துச் சொல்லு.”

“முதல்ல போட்டது.”

இனி படிக்கப் போவதில்லை, ஊசி கோக்கப் போவதில்லை, லென்ஸ் தீட்டப் போவதில்லை. அந்த மனிதருக்கு டாக்டர் கால் நம்பர் கூடக் குறையாமல் பார்த்தார். வலது முடிந்து இடது. ஒவ்வொரு பதிலுக்கும் அப்பா நெடுநேரம் எடுத்துக்கொண்டார். டாக்டர் காத்திருந்தார். கடையில் இதில் பாதி பொறுமைகூட அவர் யாருக்கும் காட்டி அவள் பார்த்ததில்லை.

கடைசி லென்ஸைச் செருகியபோது அப்பா காலண்டரைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

“என்ன இப்படிக் கிழவனாயிட்ட?”

“நீ மட்டும் என்ன, புது மாப்பிள்ளையா?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே அழுதாள்.

“கடை?” என்றார் அப்பா.

“பூட்டியாச்சு.”

“வெளிச்சம் இருக்கே.”

“இருக்கு.”

அப்பா இதை யோசிப்பது போல இருந்தது. பிறகு உதடு அசைந்தது. “அந்தச் சாமி விஷயம்...”

“பேசாத. கண்ண அசைக்காம நேரா பாரு,” என்றார் டாக்டர், சோதனைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில்.

அப்பா பேசவில்லை. நேராகப் பார்த்தார். டாக்டர் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து எழுதினார். எழுதிய சீட்டைக் கிழித்தெடுத்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். அப்பாவின் வலது கை போர்வையின் மேல் கொஞ்சம் நகர்ந்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டுத் தன் வலது கையை அதில் கொடுத்தார்.

அப்படியே இருந்தார்கள். ஜன்னலிலிருந்து வெயில் முதலில் கட்டிலை விட்டு இறங்கியது, பிறகு தரையை விட்டு. யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை. மூச்சுக்கு நடுவே விழுந்த இடைவெளிகளில் ஒன்று முடியாமல் நீண்டுகொண்டே போனபோது, அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா டாக்டரைப் பார்த்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, வட்டப் பிரேமைக் கழற்றி, டார்ச்சை அடித்து வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். இமைகளைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கிவிட்டார்.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். அதில் பாதிப் பேர் அப்பா தீட்டிய கண்ணாடிகளைப் போட்டிருந்தார்கள், கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். அம்மாவின் தம்பி அவளிடம் வந்து, டாக்டரைக் கண்ணால் காட்டி, அவர்கள் வழக்கம் வேறாயிற்றே, எங்கே நிற்கச் சொல்வது என்று காதோடு கேட்டார். “அப்பா பக்கத்துல,” என்றாள். எடுக்கும் நேரத்தில் யாரோ அப்பாவின் கண்ணாடியைக் கொண்டுவந்து, அவர் எப்போதும் போட்டிருப்பாரே, மாட்டிவிடலாமா என்று கேட்டார்கள். டாக்டர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

“வேண்டாம். இது தப்பு நம்பர்.”

அதற்கு மறுநாள் இருட்டிலேயே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. சாவி வழக்கமான ஆணியில் தொங்கியது. எடுப்பதா வேண்டாமா என்று நின்றாள். அம்மா படுக்கையிலிருந்தே சொன்னாள்.

“போ. அந்த மனுஷன் வந்து நிப்பார்.”

நின்றார். வலது பூட்டு திறந்திருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, இந்த முறை தெருவைப் பார்க்காமல் அவள் வரும் வழியைப் பார்த்து நின்றார்.

“சாவு வந்தா என்ன செய்யறதுன்னு நாங்க சொல்லிக்கவே இல்லம்மா,” என்றார். “கைய குடுக்கறப்ப ரெண்டு பேருக்கும் அது ஞாபகம் வரல. சின்ன வயசு.”

“அப்ப ஒப்பந்தம்?”

“அது அப்படியேதான் இருக்கு. யாரும் விடுவிக்கல.” தகட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். “அவன் சொல்ல வந்தான். நான்தான் பேச விடல.”

அவள் பூட்டைத் தூக்கிப் பிடித்து, சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினாள். இரண்டு பேரும் ஷட்டரைத் தூக்கினார்கள். கிழக்கில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தகட்டின் முகத்தில் அது பட்டது.

வழக்கமாக அதோடு அவள் திரும்பிவிடுவாள். இன்று தடுப்பின் இந்தப் பக்கம் வந்து, அப்பாவின் முக்காலியில் உட்கார்ந்தாள். சக்கரத்தின் துணியை எடுத்து மடித்து வைத்தாள். அப்பா சீட்டுகளின் மேல் கனத்துக்கு வைக்கிற பழைய தடித்த லென்ஸ், அடியில் எதுவும் இல்லாமல் மேசையில் கிடந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

பிறகு துளை வழியாக ஒரு சீட்டு வந்து விழுந்தது.

எறும்பு மாதிரி எழுத்து. வலது இவ்வளவு, இடது இவ்வளவு, படிக்க இவ்வளவு. மேலே அப்பாவின் பெயர். எல்லாம் எழுதியும் சீட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது.

அவள் அதை லென்ஸின் அடியில் வைத்தாள். விரலை மடக்கித் தடுப்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.